கோபத்துக்கு வாங்கிய கல்

பல்லடம் பஸ்ஸை விட்டுவிட்டு, காங்கயத்தில் பாய் ஒருவரின் ராசிக்கல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். புருஷனின் கோபம் தணிய வாங்கிய சந்திரகாந்தக் கல் மோதிரத்தை ஒரு அம்மா திருப்பித் தர வந்திருக்கிறார். பால் வெள்ளையில் நீலம் ஓடுகிற கல். என் மாமனாரும் கோபக்காரர்தான்; அவரை நாங்கள் மோர் கொடுத்தே சமாளித்தோம்.

“இதப் போட்டதுலிருந்து எங்கூட்டுக்காரரு பேசறதே இல்லீங்க பாய். முந்தி திட்டறதுக்காச்சும் வாயத் தொறந்தாரு. ஊட்ல இருக்கவே பயமா இருக்குதுங்க. குளிக்கக் கழட்டுனாரு, எடுத்துட்டு வந்துட்டேன்.”

“திட்டுற கல்லு எங்கிட்ட இல்லீங்களே அம்மணி.”

அம்மாவை இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கும் ஸ்கூட்டரின் ஹாரன் அடிக்கிறது. “ஏய், உள்ள என்ன தூங்கறயா? வெயில் மண்டையப் பொளக்குது!”

அம்மாவின் முகம் மலர்கிறது. “வாரேனுங்க!” என்று மோதிரத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓடுகிறார்.

பாய் அதைத் துடைத்து என் பக்கம் நகர்த்துகிறார். “சுத்தமான கல்லுங்க. கழட்டுனதும் என்னாச்சுன்னு நீங்களே பாத்தீங்கல்ல?”