அஞ்சு நிமிஷப் பெரட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே எங்கள் அணிக்கு என்னை யாரும் தலைவனாகப் போட்டதில்லை. நாலு பேர் சேர்ந்து போனில் ஆடும் பழைய காலத்துப் போர் விளையாட்டு அது. யானை, ஈட்டி, கோட்டை எல்லாம் உண்டு. கொடியைத் தலைவர்தான் பிடிக்க வேண்டும். அவர் நடுவில் வெளியேறினால் அணியே தோற்றதாகிவிடும். அதிகம் வெட்டுகிறவன் நான்தானே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

"வெட்டுறதுக்கு நீங்க போதும்ணே. நின்னு நிதானமாப் பாக்க ஒரு ஆளு வேணும்ல" என்று சிரிப்பார் ஸ்பிரிங்வெளி டீச்சர். பண்டாரவளை பேக்கரிக்காரரும் அவர் பக்கம்தான். ஓட்டு முழுவதும் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆடுகிறவருக்கே விழும். தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தவர். நாங்கள் யாரும் அவரை நேரில் கண்டதில்லை.

தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் ஆள் கூப்பிட்டுப் பார்ப்பதைப் பெரட்டு என்போம். தலைவர் அதை விளையாட்டுக்கும் கொண்டுவந்தார். மாலை ஐந்தரைக்கு ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "பதுளை!" என்றால், பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான் "இருக்கேன்" என்பேன். கடைசியாகத் தன் ஊரைத் தானே கூப்பிட்டுத் தானே "இருக்கேன்" என்பார். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பின்னால் பாத்திரம் உருளும். ஒருநாள் தன் ஊரைக் கூப்பிட்டதும் அவருக்குப் பதிலாக ஒரு பெண் குரல், "கொஸ்லந்த இருக்கு! காய்ச்சல்ல படுத்திருக்கு!" என்று கத்தியது. அவர் மனைவி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அன்றைக்கு நாள் முழுக்க மழை. எங்களை எப்போதும் மண்ணைக் கவ்வ வைக்கும் ஓர் அணியை அன்றுதான் மடக்கியிருந்தோம். கோட்டைக் கதவு விரிசல் விட்டிருந்தது. அப்போது தலைவர், "மேல மண்ணு இறங்குதாம். எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க. நான் வைக்கவா?" என்றார்.

"அட இருங்க தலைவரே! அஞ்சு நிமிஷம்! நீங்க போனா எல்லாம் போச்சு!" என்று நான் கத்தினேன்.

"சரி, அஞ்சு நிமிஷம்" என்றார். மனைவியைப் பிள்ளையோடு முன்னே போகச் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது.

கதவு உடைந்தது. ஜெயித்தோம். அவருடைய வீரன் மட்டும் கொடியைப் பிடித்தபடி வாசலில் அசையாமல் நின்றான். "என்ன தலைவரே, தூங்கிட்டீங்களா? உள்ள வாங்க!" என்று ஏசினேன். ராத்திரிச் செய்தியில்தான் தலைவர் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையை மண் மூடிக் கிடந்ததைக் காட்டினார்கள். பாவி, பிணத்தையா ஏசினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் ஆடவில்லை. ஆனால் பேக்கரிக்காரர் போன் எடுத்து, "அண்ணே, தினம் அஞ்சரைக்குத் தலைவர் பேருல பச்ச லைட் எரியுதுண்ணே" என்றார். கோளாறாயிருக்கும் என்றேன். கடையில் என் போனைத் திறந்து பார்த்தேன். வெளியே பனி மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சரியாக ஐந்தரைக்குப் பச்சை எரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் புதுத் தலைவருக்கு ஓட்டுப் போட்டோம். இருவரும் என் பேரைத்தான் அழுத்தினார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அன்று நான் கத்தியதை அவர்களும் கேட்டவர்கள்தானே. இத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது வேண்டாமென்றிருந்தது.

பெரட்டு எடுத்தேன். "ஸ்பிரிங்வெளி!" "இருக்கேன்." "பண்டாரவளை!" "இருக்கேண்ணே." வாய்ப் பழக்கம், அடுத்ததும் வந்துவிட்டது: "கொஸ்லந்த!"

"இருக்கேன்."

பெண் குரல். பின்னால் தகரத்தில் மழை கொட்டியது.

"அவரு போன்தாண்ணே. மண்ணுக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தாங்க. தினம் தொறந்து பாப்பேன், யாரும் பேசல. அன்னிக்கு அஞ்சு நிமிஷம் இருங்கன்னு சொன்னது யாருங்க?"

லைனைத் துண்டிக்கும் பொத்தான்மேல் என் விரல் இருந்தது.

"நாந்தான் தங்கச்சி" என்றேன்.

"தெரியும்ணே. ஊர்பேரைக் கூப்பிட்டப்பவே சத்தம் தெரிஞ்சிருச்சு. வாயத் தொறந்து சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

"என்னைத் திட்டும்மா."

அவர் திட்டவில்லை. "நீங்களே தலைவரா இருங்க. அவரு பேர மட்டும் எடுத்துறாதீங்க. தினமும் கொஸ்லந்தவக் கூப்பிடுங்க, நான் சொல்றேன். அப்புறம் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்துட்டு ஆடுங்க. ஸ்கூலுக்கு மூணு நிமிஷ நடைதாண்ணே."

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. கூப்பிடுகிறேன். "இருக்கேன்" என்று வருகிறது. பிறகு மழையோ காற்றோ மட்டும் கேட்கிறது. அவருடைய வீரன் எங்களுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறான். மூன்றாவது நிமிஷத்தில் தலைவர் ஸ்கூல் வாசலை மிதித்துவிடுவார் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மீதி இரண்டு நிமிஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.