பின் ஒழுங்கையின் காட்டு மூலை

எங்கள் அயலவர் குழுவின் முதல் கூட்டம் முழுவதும் ஒரு மெத்தையைப் பற்றியே போயிற்று. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை இருந்தது. ஒரு கார் போகக்கூடிய அகலம்தான். அதன் கோடியில், ஆற்றை ஒட்டி, யாரும் கவனிக்காத ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தில் யாரோ ஓர் இரட்டை மெத்தையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். போட்டது யார், எடுப்பது யார், நாம் எடுத்தால் போட்டவன் இன்னொன்றும் கொண்டுவந்து போடமாட்டானா என்று தேநீர் ஆறும்வரை பேசினார்கள். மறுநாள் காலையில் நான் நகரசபைக் கவுன்சிலுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தக் கிழமையே மெத்தை போய்விட்டது. அந்தக் குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அது எண்பதுகளின் கடைசி. நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைக்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். இடம் மாறிக் கிடக்கும் எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒழுங்கையில் கிடந்த கறுப்புக் குப்பைப் பைகள் என் சமையலறை ஜன்னலுக்கு நேரே தெரிந்தன. நான் குழுவில் சேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

குழுவைத் தொடங்கியவர் பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மையார். ஓய்வுபெற்ற தாதி, கணவரை இழந்தவர், ஞாயிறு பூசைக்கு எங்களுடைய கத்தோலிக்கக் கோவிலுக்கே வருபவர். அவர் பிறந்த கிராமத்தில் ஊரவர்களே சேர்ந்து பாலத்தில் பூத்தொட்டி வைப்பார்களாம், பழைய தண்ணீர்ப் பம்புக்கு வர்ணம் பூசுவார்களாம், வௌவாலுக்குப் பெட்டி அடிப்பார்களாம். அங்கே இருந்த தங்கை கோடைதோறும் படங்கள் அனுப்பினார். கூட்டம் தொடங்கும் முன் அந்தப் படங்கள் மேசையைச் சுற்றி வரும். நாங்கள் எதைச் செய்தாலும் அந்தக் கிராமத்தில் அதை ஏற்கெனவே, எங்களைவிட நன்றாக, மழையில் நனைந்துகொண்டே செய்து முடித்திருப்பார்கள். அந்தக் கிராமத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன்மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட கோபமே இருந்தது.

குழுவில் ஓர் ஆங்கிலேயரும் இருந்தார். முன்பு தபால்காரராக இருந்தவர். நிலத்தின் ஒரு பக்கத்தில் கருங்கல்லும் செங்கலும் கலந்த பழைய சுவர் ஒன்று நின்றது. அவருக்கு அந்தச் சுவர் மட்டும்தான் முக்கியம். பழைய பல்துலக்கியால் அதன் கற்களைத் துலக்குவார். சுவரில் படர்ந்த கொடியை வெட்டவேண்டும் என்பார் அவர். கொடிக்குள் குருவி கூடு கட்டுகிறது, வெட்டக்கூடாது என்பார் அம்மையார். இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த காலங்களில் இருவருக்கும் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார்கள். நான் வேலியைத் தாண்டிப் போய் மற்றவரிடம் சொல்லிவிட்டு, பதிலையும் சுமந்துகொண்டு வருவேன்.

நிலத்தின் மறுபாதியில் முழங்காலுக்கு மேல் நெட்டில் செடி வளர்ந்திருந்தது. எங்கள் காஞ்சோண்டியைப்போல் தொட்டால் கடிக்கும். அதை வெட்டவே கூடாது என்பது அம்மையாரின் சட்டம். ஆடி மாத வாக்கில் அதன் இலைகளில் கறுப்பு மயிர்க்கொட்டிகள் அப்பிக் கிடக்கும். பிறகு அவைதான் வண்ணத்துப்பூச்சிகள். சுவரோரம் விழுந்த இலைகளையும் கூட்டி அள்ளாமல் ஒரு குவியலாக விட்டுவைத்தார். அதற்குள் ஒரு முள்ளெலி குடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அதைப் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. மாலையில் பூனைச் சாப்பாடு வைக்கும் தட்டு காலையில் காலியாக இருப்பதுதான் அவருடைய சாட்சி.

“பூனைச் சாப்பாட்டைப் பூனை சாப்பிட்டிருக்கும்” என்றார் தபால்காரர். அதையும் என்னிடம்தான் சொன்னார்.

இவையெல்லாவற்றையும்விட என்னைக் களைக்கவைத்தவர்கள் எங்கள் ஆட்கள். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும், “உங்கள் ஆட்கள் எங்கே?” என்று அம்மையார் என்னைக் கேட்பார், நான் ஏதோ அவர்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்பதுபோல. இரண்டு தெரு தள்ளியிருந்த என் கணவரின் தம்பிதான் எங்கள் பையன்களுக்குத் தலைவர் மாதிரி. பலசரக்குக் கடைகளுக்குத் தன் வான் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குபவர். அவர் வந்தால் எல்லோரும் வருவார்கள். அவர் வரமாட்டார்.

“அண்ணி, உங்களுக்கு விசரே? ஆரோ போட்ட குப்பையை நீங்கள் ஏன் பொறுக்கிறியள்? அதுக்குத்தானே கவுன்சிலிலை ஆக்கள் இருக்கினம்.”

“நீர் ஒருநாள் வந்து பாரும். பேந்து கதையும்.”

“வாறன், வாறன். அடுத்த கிழமை கட்டாயம்.”

“போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்?”

“அது போன கிழமை சொன்ன அடுத்த கிழமை, அண்ணி. இது இந்தக் கிழமை சொல்லுற அடுத்த கிழமை.”

ஒரு கிழமை ஷிப்ட். ஒரு கிழமை யாருடையவோ பிள்ளைக்குக் கோவிலில் முதல் நன்மை. ஒரு கிழமை வான் பழுது. எத்தனையோ அடுத்த கிழமைகள் இப்படிப் போயின. தொண்ணூறுகளும் வந்துவிட்டன.

அப்போதுதான் கவுன்சில் அந்த நிலத்தில் தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறது என்று தெரியவந்தது. நாங்கள் மறுத்து எழுதினோம்; அம்மையார் முள்ளெலியையும் அதில் சேர்க்கச் சொன்னார். அதிகாரி ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து நேரில் பார்ப்பார் என்று பதில் வந்தது. அந்த இடத்தை உண்மையாகவே மக்கள் பயன்படுத்துகிறார்களா, அங்கே காப்பாற்றும்படியான உயிர்கள் ஏதும் இருக்கின்றனவா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

அன்று மாலை அம்மையார் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். “என் தங்கை ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்துவிடு என்கிறாள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நிலமும் போனால் என்ன சொல்வது?” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. படங்களும் கொண்டுவரவில்லை.

நான் உடனே கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைப் படிப்படியாகச் சொன்னேன். சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வந்து நிற்கவேண்டும். நின்றால் போதும். எதையும் தொடவேண்டாம்.

“சும்மா நிக்கிறதோ?”

“ஓம். சும்மா நிக்கிறது. அது உங்களுக்கு ஏலும்தானே?”

“கட்டாயம் வாறம், அண்ணி. உங்கடை மானம் எங்கடை மானம்.”

அந்த வசனத்தைக் கேட்டபோதே நான் பயந்திருக்கவேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் மேல்மாடி ஜன்னல் திரையை விலக்கினேன். ஒழுங்கைக் கோடியில் ஆட்கள் நின்றார்கள். ஏழெட்டுப் பேர், மண்வெட்டியோடு. நெட்டில் நின்ற இடத்தில் நெட்டில் இல்லை. மொட்டை நிலம். அதைக் கூட்டி, தண்ணீரும் தெளித்திருந்தார்கள். இரவு உடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

“ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

கொழுந்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கைகள் இரண்டும் செடி கடித்துத் தடித்துப்போயிருந்தன. “எப்பிடி அண்ணி, வடிவோ? விடியப்புறமே வந்திட்டம்.”

“ஒண்டிலையும் கை வைக்கவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்!”

“கவுன்சில் பெரியவர் வாறார் எண்டியள். அவரைக் காட்டுக்குள்ளையோ கூட்டிக்கொண்டு வாறது? எங்கடை கோயிலுக்கு ஆயர் வரேக்கை இப்பிடியே விட்டனாங்கள்?”

ஊரில் ஆயர் வருகிறார் என்றால் கோவில் வளவின் புல்லைச் செருக்கி, கூட்டி, தண்ணீர் தெளித்து, சுவருக்கு வெள்ளை அடிப்போம். வெறும் மண்ணில் ஈர்க்குமாறு இழுத்த கோடு தெரிந்தால்தான் எங்களுக்குத் துப்புரவு. சுவருக்கு வெள்ளை என்று நினைத்ததும் தபால்காரரின் சுவர் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவர் வீட்டில் மிஞ்சிய மக்னோலியா பெயின்ட் வாளியோடு சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார். லண்டனில் வாடகைக்கு விடும் எல்லா அறைகளுக்கும் அடிக்கும் அதே நிறம். நான் கத்திய கத்தில் தூரிகை நின்றது. ஆனாலும் கதவளவு அகலத்துக்கு அந்தச் சுவர் படுக்கையறைபோல் ஆகியிருந்தது.

மிச்சம் இருந்தது இலைக்குவியல் மட்டும்தான். கொழுந்தனார் அதைக் கொளுத்த நெருப்புப்பெட்டியை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் மண்வெட்டிப் பிடியால் குவியலின் ஓரத்தில் தட்டத் தொடங்கினார். ஊரில் சருகைக் கொளுத்தமுன் எல்லோரும் செய்வது. உள்ளே கிடப்பது வெளியே போகட்டும் என்பதற்காக.

“என்னடாப்பா தட்டுறாய்?” என்றார் பெயின்ட் வாளிக்காரர்.

“பாம்பு கீம்பு கிடந்தால்?”

“லண்டனிலையோ பாம்பு?”

“ஏன், பாம்புக்கு மட்டும் விசா குடுக்கமாட்டினமே?”

எல்லோரும் சிரித்தார்கள். பிடி எதிலோ மெத்தென்று பட்டது. கொழுந்தனார் பின்னால் பாய்ந்தார். பிறகு குனிந்து, இலைகளை மெல்ல விலக்கி, என்ன ஏது என்று யோசிக்காமல் வெறுங்கையால் எடுத்தார். “ஆ!” என்று கத்தினாலும் கீழே போடவில்லை. “அண்ணி, இஞ்சை வாங்கோ! முள்ளம்பண்டிக் குட்டி!”

பழுப்பு நிறத்தில் ஒரு பந்து. மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில்தான் அம்மையார் வந்தார். முதலில் மொட்டை நிலத்தைப் பார்த்தார். கோவிலுக்குப் போகிறவர்கள் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு கொழுந்தனாரின் கைகளைப் பார்த்தார். முழங்காலிட்டு, “அதைப் படுத்த இடத்திலேயே வையுங்கள்” என்று மட்டும் சொன்னார். விலக்கிய இலைகளை அதே ஆட்கள் இரண்டு கைகளாலும் திரும்ப அள்ளிக்கொண்டுவந்து மூடினார்கள். சத்தம்போட்டுக் கதைத்தவர்களை மற்றவர்கள் அதட்டினார்கள்.

தபால்காரர் வந்து மக்னோலியாவைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், வாளியும் தூரிகையும் கொண்டுவந்து தேய்க்கத் தொடங்கினார். பெயின்ட் வாளிக்காரரும் பக்கத்தில் குந்தித் தேய்த்தார். அவர்கள் அப்படி இருக்கும்போதுதான் அதிகாரி வந்தார்.

மக்கள் கூட்டத்தைப் பார்த்து அவர் திருப்திப்பட்டது தெரிந்தது. “சரி, முள்ளெலி?” என்று கேட்டார்.

“இந்தக் குவியலுக்குள் இருக்கிறது” என்றார் அம்மையார்.

“பார்க்கலாமா?”

“முடியாது. இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை எழுப்பிவிட்டோம். குளிர்காலத்துக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கலைத்தால் விட்டுவிட்டுப் போய்விடும்.”

நான் அம்மையாரின் கையைப் பிடித்தேன். இத்தனை வருடமாக ஒருவரும் நம்பாத ஒன்று, ஒரு கைப்பிடி இலைக்குக் கீழே இருக்கிறது. நிலம் போகப்போகிறது. இரண்டு இலையை விலக்கினால் என்ன? அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சத்தம்போட்டே கேட்டிருப்பேன். அவர் அசையவில்லை. அதிகாரி பேனாவை மூடப்போனார்.

கொழுந்தனார் முன்னுக்கு வந்து தன் வலக்கையை நீட்டினார். நெட்டில் கடித்த தடிப்புகளுக்கு நடுவே உள்ளங்கையில் வரிசையாகச் சிவந்த புள்ளிகள். “நான்தான் தூக்கினேன், சார். பாருங்கள், குத்தின இடம்” என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தக் கையைக் கவனமாகப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார்.

முடிவு வர மாரிக்குளிர் முடிந்துவிட்டது. சுவரும் இலைக்குவியலும் உள்ள பாதி எங்களிடம் இருக்கும். மற்றப் பாதி “ஏற்கெனவே துப்புரவாக்கப்பட்டிருப்பதால்” தார் போடுவதற்கு எடுத்துக்கொள்ளப்படும், துப்புரவாக்கித் தந்ததற்கு நன்றி என்று கடிதத்தில் இருந்தது. நான் அதை அம்மையாருக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி என்ற இடத்தில் அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

நெட்டில் நின்ற இடத்தில் தார் போட்டு வெள்ளைக்கோடு கீறி முடித்த அன்றே கொழுந்தனார் வானைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பாத்தியளே அண்ணி, எல்லாருக்கும் பிரயோசனம்.”

நான் சொல்லத் தொடங்கியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேன். சொன்னது அம்மையார். அடுத்த சனிக்கிழமை காலை வான் நிற்பதைப் பார்த்துவிட்டு நேரே கொழுந்தனாரின் வீட்டுக் கதவைத் தட்டினார். வான் நிற்கிறது, ஆகவே ஷிப்ட் இல்லை, வானுக்குப் பழுதும் இல்லை, வாரும் என்றார். அவர் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவேண்டியதாயிற்று, ஏனென்றால் வேறெங்கும் வான் நிறுத்த இடமில்லை.

அம்மையார் அயர்லாந்துக்குப் போகவில்லை. மிஞ்சிய பாதியில் சுவரோரமாகப் புதிதாக நெட்டில் நட்டார். கடிக்கிற செடியைக் கையுறை போட்டு நடுகிற அவருக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி, “இதை ஊரிலை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணி” என்றார் கொழுந்தனார். அவர் கொண்டுவந்திருந்த விளக்குமாற்றை நான் வாங்கி என் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர் இன்னொன்றோடு வந்தார்.