ரீபூட் செய்யாமல் ஓடிய நாள்

லோயர் கேம்ப்பில் ஒரு ஆபீஸ் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தபோதுதான் காதர் பாயின் போன் வந்தது. பாய் திராட்சை வியாபாரி. உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளர். அந்த ஜமாஅத் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். 2008 வாக்கில், தினமும் கரண்ட் கட் இருந்த காலம்.

“தம்பி, மிஷினை நான் கெடுத்துப்புட்டேன். நேத்து கரண்ட் போயி யு.பி.எஸ்.ஸும் கத்தி ஓஞ்சுருச்சு. இப்பப் போட்டா கருப்பா என்னமோ எழுதிட்டு நிக்குது.”

கடைசி வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். கர்னல் பேனிக்: சிஸ்டத்தை எழுப்பும் கர்னல் என்ற அடிப்படை மென்பொருளே ஏறாமல் நின்றிருக்கிறது. மூன்று வாரம் முன்பு அதில் கர்னல் அப்டேட் போட்டவன் நான். கர்னல்களை வைக்கும் பூட் பார்ட்டிஷனுக்கு வெறும் நூறு எம்.பி. இடம் ஒதுக்கியவனும் நான்தான். பழைய கர்னல்கள் அடைத்துக் கிடந்ததால் புதியது பாதி எழுதியதோடு நின்றிருக்கிறது. அன்றே ஒருமுறை ரீபூட் செய்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் மிஷினை அமத்தினால் திரும்ப எழும்பாது என்று அந்த ஆபீஸில் ஒரு நம்பிக்கை; கரண்ட் கட்டிலும் பெரிய யு.பி.எஸ்.ஸில் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அதோடு, மதியத்து லுஹர் தொழுகைக்கு ஆபீஸைப் பூட்ட வேண்டும் என்று பாய் சாவியோடு நின்றார். நானும் கம்பம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

பாய்க்கு எதிரே சபுரா என்ற பெண் காத்திருந்தாள். கணவன் சவூதியில், பார்த்து இரண்டு வருடம். விசாவுக்கான நிக்காஹ் சான்றிதழை அன்று மாலைக்குள் மதுரையில் கொடுக்க வேண்டும். கல்யாணங்களை எழுதிய பதிவேடோ பைண்டிங்குக்குப் போயிருந்தது; மிஷினில் ஏற்றிய விவரம்தான் கதி. பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும், யு.பி.எஸ்.ஸிலும் சார்ஜ் இல்லை. அப்போது மணி பதினொன்றே கால். பஸ் ஏறி நான் போய்ச் சேர்வது நடக்காத காரியம்.

நல்லவேளை, பழைய கர்னல் உள்ளேயே இருந்தது. ஆன் செய்ததும் மூன்று செகண்டுக்குள் எஸ்கேப் கீயைத் தட்டினால் பட்டியல் வரும். அதில் இரண்டாவது வரியில் உள்ள பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பாய்க்குச் சொன்னேன். பாய் கீயைத் தேடித் தட்டுவதற்குள் இரண்டு தடவை நேரம் தவறியது. மூன்றாவது தடவை சபுராவே போனை வாங்கினாள்.

“அண்ணே, நான் அமுக்குறேன். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது.”

தட்டினாள். பட்டியல் வந்தது. கீழ் அம்பு ஒன்று, பிறகு என்டர். நான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி போனில் காதை வைத்து நின்றேன். “வந்துருச்சுண்ணே” என்றவள் அழுதுவிட்டாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சான்றிதழ் பிரிண்ட் ஆகி, சீலும் விழுந்தது.

சாயங்காலம் போய்ப் பழைய கர்னல்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினேன். புதியதை மறுபடி போட்டு, பாய் கண்முன்னாலேயே இரண்டு தடவை ரீபூட் செய்தேன். இனி மிஷினைத் தொடவே மாட்டேன் என்றார் பாய். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கெட்டது என் அப்டேட்டால்தான் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

பாய் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“இதைக் காலையில போன்லயே சொல்லியிருந்தீகன்னா, அந்தப் புள்ள முன்னாடி நான் தலைகுனிஞ்சு நின்னுருக்க மாட்டேனே தம்பி.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அங்கேயே சபுராவின் நம்பரைக் கேட்டு வாங்கி, தப்பு பாயுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன்.

“பேப்பர் குடுத்தாச்சுண்ணே. மாமாவைச் சாப்புடச் சொல்லுங்க. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காமக் கெடந்தாக.”

இப்போதெல்லாம் அப்டேட் போட்டால் ரீபூட் செய்து பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. தப்பு என்னுடையது என்றால், ரிப்பேரில் கை வைக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன்.