தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வண்டி

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மோட்டார் சைக்கிளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் பொய். மழை பட்டால் நின்றுவிடும் என்பதும் பொய், ஆளைக் கொல்லும் என்பதும் பொய். அதை முதலில் சொன்ன வாய் என் வாய்தான்.

நாகர்கோவிலில் சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். கைராசிக்காரன் என்றும் சொல்வார்கள். அதையும் நம்பாதீர்கள்!

இங்கே நாங்கள் வருஷத்தைக் கொல்லம் கணக்கில் சொல்கிறவர்கள். சீமையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநான்கில் செய்த வண்டி எங்களுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சுருக்கமாகத் தொண்ணூற்றொன்பது. அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் திருவிதாங்கூரில் பெருவெள்ளம் வந்தது. அதனால் தொண்ணூற்றொன்பது என்று சொன்னாலே எங்கள் ஆட்களுக்கு முதலில் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஞானாபரணம் என்றொருவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அவரிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. ஒரு சனிக்கிழமை அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னட்டோவைத் திறந்து, துடைத்து, சரிபார்த்து அனுப்பினேன். மாலையில் ஆணி போட்டுவைக்கும் தேங்காய்ச் சிரட்டைக்குள் கையை விட்டால்... மேக்னட்டோவின் மூடி! உள்ளே தண்ணீர் புகாமல் காக்கிற சின்னப் பித்தளை மூடி.

அவர் வீடு வடசேரியில். சைக்கிளை மிதித்தால் கால்மணி நேரம். ஏன் போகவில்லை? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சோம்பல் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை எங்கே வரப்போகிறது, அடுத்த முறை வரும்போது மாட்டிக்கொடுத்தால் போயிற்று என்று இருந்துவிட்டேன். மறதி யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேனே... அதைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை திற்பரப்பிலிருந்து ஆள் வந்தது. கம்பவுண்டரின் தங்கை சாராளுக்குப் பிரசவமாகி, ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் மருந்தைக் கொடுத்துத் தன் காரையே எடுத்துப் போகச் சொன்னாராம். டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். காத்திருக்க மனம் கொள்ளாமல் இவர் தன் வண்டியில் கிளம்பிவிட்டார்.

தக்கலை வரை வெயில். அழகியமண்டபம் தாண்டியதும் கோடைமழை பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. உதைத்தார், தள்ளினார், கடைசியில் அதைச் சாலையோரம் போட்டுவிட்டு மருந்துப் பையோடு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது சாராளின் முகத்தை மூடியிருந்தார்கள். குழந்தை மட்டும் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் வண்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மேஸ்திரி, இது ஏன் நிண்ணுது? எனக்கு அது மட்டும் தெரியணும்."

பட்டறையில் ஒரு பஸ் டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து வண்டியைச் சோதிப்பதுபோல் பாவனை செய்தேன். மூடி என் சட்டைப்பையில் இருந்தது. என் முதுகு அவருக்கு மறைக்க, எடுத்து மாட்டினேன். விரல் நடுங்கவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியட்டும்.

"இது எந்த வருஷத்து வண்டி கம்பவுண்டரே?"

"தொண்ணூத்தொம்பது."

"அப்ப பின்ன என்ன கேக்குதீரு? வெள்ளத்து வருஷமாக்கும். மழையக் கண்டா நிக்கத்தான் செய்யும்."

"அதாக்கும் காரியம்!" என்று டிரைவர் தலையை ஆட்டினான்.

கம்பவுண்டர் வண்டியின் கைப்பிடியை என் கையில் கொடுத்தார். "இனி இது எனக்க கண்ணுல படப்பிடாது. நீரே வச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அந்த வண்டி செய்யப்பட்ட ஊருக்கும் எங்கள் ஆடி மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒருவரும் கேட்கவில்லை! டிரைவர் பஸ் போகிற வழியெல்லாம் என் வார்த்தையைக் கொண்டுபோனான். தொண்ணூற்றெட்டு வாங்கலாம், நூறு வாங்கலாம், தொண்ணூற்றொன்பது மட்டும் ஆகாது என்றார்கள். பெட்ரோல் டாங்கியில் காதை வைத்தால் உள்ளே வெள்ளம் இரைவது கேட்கும் என்றுகூட ஒருவர் சத்தியம் செய்தார். குலசேகரத்துத் தோட்டக்காரர் ஒருவர் தம் வண்டியைக் கொட்டகையில் பூட்டிப்போட்டார். அது எலி கூடு கட்டத்தான் உதவியது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பேச்சு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் இடம் மாற்றிவிடும். ஒரு வருஷம் கழிவதற்குள் பேச்சு இப்படி ஆயிற்று: 'தொண்ணூற்றொன்பது என்று தெரிந்தும் மழையில் எடுத்தானே பாவி, டாக்டரின் கார் சும்மா நின்றதே, அதில் போயிருக்கக் கூடாதா?' சாராளின் கணவன் அவரை வாசலில் ஏற்றவில்லை. தங்கையின் குழந்தையை வேதக்கோயிலில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவார்.

வாய் திறந்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். திறந்திருக்கலாம்... திறக்கவில்லை.

அந்த வண்டியை எட்டு வருஷமாக நான் ஓட்டுகிறேன். எத்தனை ஐப்பசி, எத்தனை ஆனி! ஒரு மழையிலும் அது நின்றதில்லை. தொண்ணூற்றொன்பதையே அடக்கி ஓட்டுகிறவன் என்று எனக்கு அதிலும் ஒரு பெயர்.

போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், வில்லுக்குறி பக்கம் ஓர் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே குடையோடு கம்பவுண்டர். கைப்பிடியில் என்ஜினை நிறுத்துகிற லிவர் ஒன்று உண்டு. கை தானாக அதை அழுத்தியது என்று எழுதத்தான் ஆசை. இல்லை, நான்தான் அழுத்தினேன்.

"நிண்ணுபோச்சா?"

"நிண்ணுபோச்சு."

அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியின் பின்னால் கைகொடுத்தார்.

"நீரு அப்பமே சொன்னீரு மேஸ்திரி, இத மழையில எடுக்காதயும்ணு. நான்தான் கேக்கல்ல."

நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை! ஊர் சொன்னதையே தம் நினைவு என்று அவரும் எடுத்துக்கொண்டுவிட்டார். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். மழை இரைச்சலில் அதைக் கேட்க எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"ஆமா" என்றேன்.

"கேட்டிருந்தா சாராளு இருந்திருப்பா."

அவர் பின்னாலிருந்து தள்ளினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஏற்றம் முடியும் வரை அவர் கையை எடுக்கவில்லை.