விழக் கற்றுக்கொண்ட சனிக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டின் பிப்ரவரி மாதம். திங்கட்கிழமையும் சேர்த்து விடுமுறை கிடைக்கும் அந்த நீண்ட வாரயிறுதியின் சனிக்கிழமை. நாள் எதுவென்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, டிசம்பரிலிருந்தே அதற்காகக் காத்திருந்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது பென்சில்வேனியா மலைக்குப் போய் ஸ்னோபோர்டில் சறுக்கிவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலோ பனி என்பது அப்பா காரைச் சுற்றி அள்ளிக் கொட்டுகிற பொருள், அவ்வளவுதான். எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது என்று கேட்டே அம்மா இரண்டு குளிர்காலங்களைக் கடத்தியிருந்தாள். மூன்றாவதில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கற்கும் வகுப்பொன்றில் அப்பா எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டார்.

அன்று விடியுமுன்பே எழுந்து, பனிக்கான உடுப்பு, கையுறை எல்லாம் அணிந்து, ஹெல்மெட்டோடு கதவருகே உட்கார்ந்துகொண்டேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மாவும் அப்பாவும் தூங்கியவர்களாகத் தெரியவில்லை.

"இன்னைக்குப் போய்த்தான் ஆகணுமா? அடுத்த வாரம்னு சொல்லுங்க, அவ புரிஞ்சுப்பா" என்றாள் அம்மா.

அப்பா எட்டி என்னைப் பார்த்தார். "ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாரு. இங்க உக்காந்து மட்டும் நான் என்ன பண்ணப் போறேன்? ஃபோன் அங்கயும் எடுக்கும்."

"ஸ்டாம்பிங் மட்டும் ஆகியிருந்தா..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சொல் எனக்குப் பழக்கம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. ஊருக்குப் போனால் புது முத்திரை கிடைக்கும்வரை திரும்ப முடியாது, கிடைக்காமலே போகலாம். இரண்டு கோடைப் பயணங்கள் அதனால்தான் நின்றுபோயின. இப்போது என் மலையும் போய்விடுமோ என்று பயந்தேன்.

"பென்சில்வேனியாவுக்கும் ஸ்டாம்பிங் வேணுமா, டாடி?"

அப்பா சிரித்தார். "அதுக்கு வேணாம்டா. வா."

அம்மா அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. முந்தின நாள் இட்லியை மைக்ரோவேவில் சூடாக்கி எனக்கு மட்டும் கட்டிக் கொடுத்தாள். வாகன நிறுத்தத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையடிவாரக் கடைகள் இன்னும் திறந்திருக்கவில்லை. நான் இட்லியைப் பிரிக்கையில் அப்பாவின் தொலைபேசி ஒலித்தது. இங்கே விடிகிற அந்த வேளையில் ஊரில் பொழுது சாயும். அவர் இறங்கி, சற்றுத் தள்ளிப்போய், ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்தார். பனியில் வெறுங்காலோடு, தொலைபேசியை இரு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றார். குளிரைத் தாங்கிப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது கால்கள் செக்கச் சிவந்திருந்தன.

"ஏன் ஷூ கழட்டினீங்க?"

"சும்மாதான்டா. சாப்டியா?"

பயிற்சியாளர் கல்லூரி வயது இளைஞர். நிற்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். முன்பக்கமாக விழுந்தால் முட்டியும் முன்கையும் தரையைத் தொட வேண்டும், விரல்களை மூடிக்கொள்ள வேண்டும். நான் விழுந்து விழுந்து எழுந்தேன். எனக்கு அது சறுக்குவதைவிட வேடிக்கையாக இருந்தது. அப்பாவும் விழுந்தார். முட்டி, முன்கை, பிறகு நெற்றியும் பனியில் பதிந்தது. அப்படியே கிடந்தார். தோள்கள் குலுங்கின.

அடிபட்டதா என்று கேட்டுப் பயிற்சியாளர் ஓடி வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள்கூட அழாமல் எழுகிறார்கள்.

"டாடி, இட்ஸ் ஜஸ்ட் ஸ்னோ. எழுந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க."

எழுந்து உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு கைப்பிடி பனியை அள்ளி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார். இன்னொரு கைப்பிடி. நீர் காதோரம் வழிந்தது. விளையாடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானும் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். தூறலில் நனைந்தாலே துண்டோடு ஓடி வருகிறவர் அன்று தடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஒரு பிடி அள்ளி என் உச்சியில் மெதுவாக உதிர்த்தார்.

"குளிருதா?"

"நோ."

"போதும். ஹெல்மெட்ட போட்டுக்கோ."

தாத்தா இறந்துவிட்டார் என்று மறுநாள்தான் என்னிடம் சொன்னார்கள். வெள்ளி இரவு நான் தூங்கியபின் செய்தி வந்திருக்கிறது. மூத்த மகன் இங்கே இருக்க, சித்தப்பா கொள்ளி வைத்தார். வாகன நிறுத்தத்தில் அப்பா தொலைபேசியில் பார்த்தது அதைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் ஆயின. எங்கள் வீட்டில் தாத்தாவின் நாளைத் திதி பார்த்துக் கும்பிடுகிறோம். அது ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். எனக்கோ அது அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமைதான்.

அன்று மாலை நாங்கள் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"எதையும் தொடாம நேரா பாத்ரூமுக்குப் போங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க."

"ஆச்சு" என்றார் அப்பா. என் ஈரத் தலையில் கைவைத்து, "ரெண்டு பேருக்கும் ஆச்சு" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கோபித்துக்கொள்ளப் போகிறாளோ என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்:

"அம்மா, டாடிக்கு ஸ்னோ ரொம்பப் பிடிச்சிருக்கு. நெக்ஸ்ட் இயரும் போலாமா?"