பங்குனிப் பரீட்சைக்குப் பூக் கேட்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. கோயிலுக்குள் போவதைப் போலத்தான் போகிறார்கள். என் வகுப்பு அந்தக் கொடிக்காலுக்குள் நடக்கிறது. மாணவருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அந்த ஓய்விலும் அவர் கொடி கட்டியாக வேண்டும். அகத்தி மரங்களின் நிழலில் வாழைநாரால் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே அவர் நகர, நான் புத்தகத்தோடு கூடவே நகர்வேன். ஒரு நாடகக் காட்சி முடிவதற்குள் காலில் சேறு கணுக்கால்வரை ஏறிவிடும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். முதல் மாதம் நானும் சிரித்தேன்.

மாணவரின் பெயர் நாச்சிமுத்து. வயது முப்பத்தைந்துக்கு மேல். உள்ளூர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆசிரிய வேலையில் இருப்பவர்கள் கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்து பி.ஏ. எழுத இங்கே சர்வகலாசாலை இடம் கொடுக்கிறது. மற்றப் பகுதிகளில் தேறிவிட்டார். ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டார். தேறினால் நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளியிலேயே அவருக்கு இடம் கிடைக்கக்கூடும். தவறினால், அண்ணன் ராமசாமி சொல்லிவிட்டார், புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுக் கொடிக்காலைப் பார்க்க வேண்டும். தோட்டம் இருவருக்கும் பொது. தம்பி புத்தகத்தைத் தொடும் நேரமெல்லாம் அண்ணன் தலையில் விழுகிற வேலை.

நானும் இப்படித்தான் படித்தேன், ஆனால் கொழும்பில். பகலெல்லாம் நீதிமன்றங்களில் குறிப்பெடுத்து, மாலையில் பத்திரிகைக்குச் செய்தி எழுதி, டிராமில் போகும்போது லண்டன் எக்ஸ்டேர்னல் பட்டத்துக்கான பாடங்களை வாசித்தேன். பாடங்கள் கப்பலில் வரும். விடைகளைக் கப்பலில் அனுப்புவேன். நான் பரீட்சை எழுதுகிறேன் என்பது பக்கத்து அறைக்காரருக்கே தெரியாது. தோற்றிருந்தால் அந்தத் தோல்வி எனக்கு மட்டும் உரியதாக இருந்திருக்கும். பத்திரிகையில் ஆட்குறைப்பு வந்தபோது இந்தப் பட்டம்தான் என்னை நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தது. பரீட்சை என்பது ஒருவன் தனியாகச் செய்யும் காரியம் என்ற எண்ணத்தோடுதான் வந்து இறங்கினேன்.

தை கடைசியில் ஒரு நாள் நாச்சிமுத்து நாரைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “பங்குனிப் பரிச்சைக்கு அம்மங்கிட்டப் பூக் கேக்கலாம்னு அண்ணன் சொல்றாருங்க. ரெண்டு தடவ கேக்காமப் போனேன். ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு.”

“கேட்டுச் சிவப்பு வந்தால்?”

“போக மாட்டனுங்க. அம்மன் சொல்லாமப் போனா எனக்குப் பேனா ஓடாதுங்க.”

வாசகர்களுக்கு விளக்க வேண்டும். கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது, நிலம் வாங்குவது எதுவானாலும் இந்தப் பக்கத்தில் அம்மனைக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன் போடுவார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். வழக்கமாக வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இந்த வீட்டில் குழந்தைகளும் இரண்டு கட்சி. அண்ணன் பிள்ளைகள் ஒரு பக்கம், தம்பி பிள்ளைகள் ஒரு பக்கம்.

அதனால் கோயிலில் ராமசாமி என் பக்கம் திரும்பினார். “நீங்க எடுங்க சாமி. உங்களுக்கு இங்க ஒறவுமில்ல, பகையுமில்ல.”

“நானோ? நான் ஊருக்குப் புதுசெல்லோ?”

“அதுக்குத்தானுங்க.”

“ஓம்” என்றேன். எங்கள் ஊரில் அது சம்மதம் சொல்லும் சாதாரணச் சொல். பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “மந்திரமெல்லாம் நாஞ் சொல்லிக்கிறனுங்க. நீங்க எடுத்தாப் போதும்.”

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி உரக்கக் கேட்டார்: “தாயே, நம்ம நாச்சிமுத்து இந்தப் பங்குனியில திருச்சிக்குப் போயி பரிச்ச எழுதலாமா, வேண்டாமா?” நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். நீதிமன்றத்தில் பல தீர்ப்புகளைக் கேட்டு எழுதியவன் நான். எந்தத் தீர்ப்பையும் என் கையால் எடுத்ததில்லை. இலையைப் பிரித்ததும் சிவப்பு அரளி தெரிந்தது. நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை. அவர் மனைவி பாவாயி பார்த்தார்.

அடுத்த ஞாயிறு கொடிக்காலில் நாச்சிமுத்து இல்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் பாவாயி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராமசாமி கயிற்றுக் கட்டிலில் இருந்தார். எனக்கு மோர் வந்தது. புத்தகம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் பாவாயிதான் வெற்றிலையிலிருந்து தலை நிமிராமல் ராமசாமியிடம் சொன்னார்: “மாமா, அம்மன் பங்குனிக்குத்தான வேண்டாம்னுச்சு. புரட்டாசியில இன்னொரு பரிச்ச வருதாமுங்க. அதுக்கு ஒண்ணுஞ் சொல்லலியே.”

“அம்மனென்ன மாசத்துக்கு மாசம் தனித்தனியாச் சொல்லுமா? வேண்டாம்னா வேண்டாந்தான்.”

“கெணறு வெட்டக் கேட்டப்ப மேக்கால வேண்டாம்னுச்சு. உட்டுட்டமா? கெழக்கால மறுக்காக் கேட்டோம். இப்ப அந்தத் தண்ணிதான மாமா குடிக்கிறோம்.”

ராமசாமி கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். “கெணறு வேற. பூசாரி அன்னிக்குப் படிப்பப் பத்தி மொத்தமாத்தான் கேட்டாப்புல.” பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க பக்கத்துலதான நின்னீங்க. சொல்லுங்க சாமி.”

சிவப்பு வந்த நாளிலிருந்து இந்த வழக்கத்துக்கு எதிராக மனத்துக்குள் ஒரு தலையங்கமே எழுதி வைத்திருந்தேன். அதை அங்கே வாசித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாச்சிமுத்துவுக்கு மிச்சமிருந்த வழியும் அடைபட்டிருக்கும். ராமசாமி சாட்சியைத்தான் கேட்டார், அபிப்பிராயத்தை அல்ல. ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்வது நான் சம்பளம் வாங்கிச் செய்த தொழில்.

“இல்லை அண்ணை. ‘இந்தப் பங்குனியில’ எண்டுதான் கேட்டவர். படிப்பெண்ட சொல்லே வரேல்லை.”

“நெசமாவா?”

“ஓம்.”

பாவாயியின் கை மட்டும் நிற்காமல் இலையின் மேல் இலை வைத்துக்கொண்டிருந்தது. “செரி” என்றார் ராமசாமி. “வெள்ளிக்கெழம கேட்டுப் போடலாம். வெள்ள வந்தா எழுதட்டும். செவப்பு வந்தா இத்தோட செரி, அப்பறம் ஆரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆனா நீங்க புரட்டாசி வரைக்கும் இருப்பீங்களா? பாதியில உட்டுட்டுப் போயிட்டா இவன் என்ன பண்ணுவான்?”

கோடை விடுமுறையில் ஊர் திரும்புவதாக அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். கொழும்பில் பழைய பத்திரிகையிலும் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. இதையெல்லாம் எண்ணி முடிப்பதற்குள் என் வாய் “ஓம்” என்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். நாச்சிமுத்து குளித்த ஈரத்தோடு கைகட்டி நின்றார். முகத்தில் சவரம் இல்லை. இரண்டு பொட்டலங்களும் விழுந்தன. பூசாரி இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: “வர்ற, புரட்டாசியில, எழுதலாமா.” கேட்டு முடித்ததும் நான் முன்னே போனேன். ராமசாமி என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“நீங்க எடுக்கக் கூடாதுங்க.”

“ஏன் அண்ணை?”

“அன்னிக்கு நீங்க அசலூரு. இப்பத்தான் எங்க ஊட்டு நாயத்துல வந்து பேசிட்டீங்களே.”

அவர் குரலில் கோபம் இல்லை. தெருவில் கரூர் பஸ் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நின்றது. கண்டக்டரைக் கூட்டிவந்தார்கள். கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: “என்ன விசயமுங்க? சொத்தா, பொண்ணா?”

“பரிச்ச” என்றார் பூசாரி.

“பரிச்சைக்கா? எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் கேட்டுட்டே போயிருப்பேன். எட்டாவதுல மூணு வருசம் குந்தியிருந்தனுங்க. சட்டுனு சொல்லுங்க, எதுன்னாலும் எடுத்தர்றேன். வண்டியில சனம் கத்துது.”

எடுத்தார். பூசாரி இலையைப் பிரித்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பாவாயியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் நிறம் தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரம் பிடித்தது. “வெள்ள குடுத்துட்டா” என்று ராமசாமி எவரிடமோ சொன்னார். தோற்றவர் மாதிரி இல்லை, பாரம் இறக்கியவர் மாதிரி.

நல்ல வாக்கு வந்தால், பூ எடுத்துக் கொடுத்த அயலூராருக்குத் தேங்காயும் வெற்றிலையும் கொடுத்து அனுப்புவது இங்கே முறை. கண்டக்டர் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அதற்குள் பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்து வீட்டாருக்குப் பூசத் தொடங்கியிருந்தார். அண்ணன், தம்பி, பெண்கள், இரண்டு கட்சிப் பிள்ளைகள் என்று வரிசையாகப் போனார். கடைசிப் பிள்ளையின் நெற்றியில் பூசியதும், அடுத்து நின்றிருந்த என்னிடம் வராமல் தட்டோடு கருவறைக்குள் திரும்பிவிட்டார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சேர்ந்தாற்போல் நீட்டிய என் இரு உள்ளங்கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.