குளிர்ச்சி மருந்து

கண்ணுகளா, பொய் சொல்லி ஓர் அம்மாளின் கண்ணில் நான் மருந்து விட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விட்டேன்!

உங்கள் அப்பன் திருப்பூரில் கண் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தது உங்களுக்குத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டி யார் வந்தாலும், கண்பாவையை விரிக்கும் சொட்டு விட்டு உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பது டாக்டரின் வழக்கம். பலர் மறுப்பார்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பது என் வேலை. "இவன் கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்றதில்ல" என்று டாக்டர் சொல்லும்போது எனக்கு எத்தனை பெருமை…!

ராமாத்தாள் அக்கா பனியன் கம்பெனியில் துணி பார்ப்பவர். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், ஊசிமுனை ஓட்டைகூட அவருக்குத் தப்பாது. பஞ்சு விழுந்து கண் சிவந்து, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தார்.

"செவப்புக்கு மட்டும் குடுங்க சாமி. அந்தச் சொட்டு வேண்டாமுங்க. உட்டா கிட்டத்துல ஒண்ணும் தெரியாதாமா! இன்னைக்கு மெட்ராஸ் சரக்குப் போகுதுங்க."

"அட, இது வெறும் குளிர்ச்சி மருந்துங்க அக்கா."

"நெசமாவா? பொய்யின்னா உங்க கண்ணுலயும் உட்டுப்போடுவேன், பாத்துக்குங்க!"

சிரித்துக்கொண்டே அண்ணாந்தார். விட்டேன்.

டாக்டர் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்…

மெட்ராஸ் சரக்கு ஓட்டைகளோடு திரும்பி வந்தது. அக்காவை மடிப்பு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதை அவரே வந்து சொன்னார்.

"ஏனுங்க, அன்னைக்கு மசமசன்னு இருந்துச்சு. மருந்துனாலீங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெயில்ல வந்தீங்கல்ல அக்கா, அதுதானுங்க."

"அப்ப எனக்கு வயசாயிருச்சு, போங்க" என்று சிரித்தார். நல்ல கண்ணை நம்பாமல் போனார்! பிறகு அரிசியில் கல் பொறுக்கக்கூட மகளைக் கூப்பிடுவாராம்.

அதன் பிறகு நான் யாரிடமும் மறைக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும், லீவு நாள்ல வாங்க" என்பேன். பெரும்பாலோர் வந்தார்கள். வராதவர்களை வையவும் இல்லை. வேலையை விரும்பித்தான் செய்தேன். நீங்கள் படித்தீர்கள், குறையில்லாமல் வாழ்ந்தோம். தினமும் அழுதேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஆனால் ராமாத்தாள் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. பயமா? அந்தப் பாழாய்ப்போன பெருமையா? இன்றும் எனக்கு விளங்கவில்லை…

வேலை மாறியதை அவர் வந்து சொன்ன அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத ஆஸ்பத்திரியைத் திறந்தேன். என் இரண்டு கண்களிலும் அந்தச் சொட்டை விட்டுக்கொண்டு காத்திருந்தேன். பிறகு போட்டிருந்த பனியனைக் கழற்றி ஜன்னலில் விரித்துப் பிடித்தேன். தோளருகே ஓர் ஓட்டை உண்டு என்று எனக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.